விஞ்ஞானத் துறையில் யாவர்க்கும் இடம்

பல்கலைக் கழகத்தின் வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது; ஆகவே உள்ளேயும் எல்லோரும் சமமாகவே நடத்தப்படுவர் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால், வாயிலில் நுழைதல் வேறு. உள்ளே உரிய இடம் பெறுதல் வேறு. இவ்வேற்றுமையை அளந்தே காட்டிய ஒருவரின் வரலாற்றை முதலிற் கூறுகிறேன்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உலகறிந்த கல்வி நிலையம். அங்கே உயிரியல் பேராசிரியராக விளங்கிய நான்சி ஹாப்கின்ஸ் என்னும் அம்மையார், தம் மீன் ஆராய்ச்சிக்குச் சிறிது கூடுதல் இடம் வேண்டினார், கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அவர் அளவு நாடாவைக் கையிலெடுத்து ஆய்வுக்கூடங்களைத் தாமே அளந்தார். ஆண் பேராசிரியர்களைவிடப் பெண் பேராசிரியர்களுக்கு இடம் குறைவு என்பது புலனாயிற்று. 1994-இல் அக்கழகத்தின் விஞ்ஞானப் பிரிவில் நிலையான பதவி பெற்றிருந்த பெண்கள் 15 பேரே. ஆண்களோ ஏறத்தாழ 200 பேர். பெண் பேராசிரியர்கள் ஒன்றுகூடி முறையிடவே, கழகம் ஒரு குழுவை நியமித்தது. அதன் அறிக்கை 1999-இல் வெளிவந்தபொழுது, கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்ட் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

இக்குறைக்குக் காரணம் யாது? எவரும் கூடிச் சதி செய்தாரல்லர். மனத்தில் ஊறிப்போன எண்ணங்கள், அறியாமலே முடிவுகளில் புகுந்துவிடுகின்றன. 2012-இல் வெளிவந்த ஒரு சோதனை இதனைத் தெளிவாக்கியது. ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்குரிய ஒரே விண்ணப்பம், அமெரிக்க விஞ்ஞானப் பேராசிரியர்கள் 127 பேரிடம் அனுப்பப்பட்டது. சிலருக்குச் சென்றதில் ஆண் பெயர். பிறருக்குச் சென்றதில் பெண் பெயர். வேறு மாற்றம் ஓர் எழுத்துமில்லை. ஆயினும் ஆணுக்குச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 30,238 டாலரும், பெண்ணுக்கு 26,508 டாலரும் சம்பளமாகக் குறிக்கப்பட்டன. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே மதிப்பிட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

குற்றம் ஒருவருடையதாயின் தண்டிக்கலாம். பழக்கம் பலருடையதாயின் பயிற்சியே மருந்து. இதற்காகவே பயிற்சிப் பட்டறைகள் தோன்றின. மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 2002-இல் அமைந்த குழுவில், மூத்த விஞ்ஞானப் பேராசிரியர்களே சகாக்களுக்குக் கற்பிக்க முன்வந்தனர். வெளியார் சொல்வதினும் உடன் உழைப்பவர் சொல்வது செவியில் ஏறும் அல்லவா?

கொல்லன் பட்டறையில் இரும்பை அடித்து வளைப்பர். இப்பட்டறையிலோ அடிக்கலாகாது. "நீங்கள் ஓரவஞ்சனை உடையவர்" என்று பழித்தால், கேட்பவர் மனக்கதவை அடைத்துக்கொள்வார். ஆதலின் நடத்துபவர் முதலில் ஆய்வுச் சான்றுகளை முன்வைக்க வேண்டும். பின்னர்ச் சிறு குழுக்களாக அமர்த்தி எல்லோரையும் பேசச் செய்ய வேண்டும். முடிவில், செய்யத்தக்க செயல்களைக் காட்ட வேண்டும். விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே தகுதிகளை எழுதி வைத்துக்கொள்ளுதல், ஓர் இனத்தாரைப் பற்றிய பொதுக் கருத்தை விடுத்துத் தனி மனிதரின் பணியை நோக்குதல், அவர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்தல் ஆகியன அத்தகையவை.

இதனால் பயனுண்டா? விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் 92 துறைகளை எடுத்துக்கொண்டு, பாதித் துறைகளுக்கு மட்டும் இரண்டரை மணி நேரப் பட்டறை நடத்தினர். 2015-இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதங்களுக்குப் பின்னும் பயிற்சி பெற்ற துறையினரிடம், சமத்துவம் பேண நம்மால் இயலும் என்னும் நம்பிக்கை மிகுந்திருந்தது. துறையினரில் நான்கில் ஒரு பங்கினரேனும் கலந்துகொண்ட இடங்களில், செயலும் கூடியதாக அவர்களே தெரிவித்தனர். அவரவர் வாய்மொழியே இதற்குச் சான்றாதலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் ஒன்று விளங்குகிறது: ஒருவர் மட்டும் கற்றுத் திரும்பினால் போதாது, துறையில் ஒரு பகுதியேனும் உடன்வர வேண்டும்.

மாணவர்களே! உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சற்று உற்று நோக்குங்கள். கருவியைக் கையாள்பவர் எப்போதும் யார்? அருகில் நின்று குறிப்பெழுதுபவர் எப்போதும் யார்? பின்வரிசையில் வாய் திறவாது இருப்பவர் யார்? அவர்களுள் ஒருவர் நாளை ஒரு கொடிய நோய்க்கு மருந்து காணக்கூடும். அவர் சோர்ந்து வெளியேறினால் இழப்பு அவருக்கு மட்டுமன்று, நம் அனைவருக்குமே. அடுத்த சோதனையின்போது கருவியை அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பட்டறை எதுவும் வேண்டியதில்லை.