குருளையின் நோய்க்குறிகள்

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமையைக் குருளை என்ற பெயரால் வழங்கும். குட்டி, பறழ் என்னும் பெயர்களையும் அது விலக்கவில்லை. விலங்கின் இளமையைத் தனியே நோக்கிப் பெயரிட்ட அக்கருத்து, நாய் வளர்ப்போர்க்கு இன்றும் பயன்படுவதாகும். வளர்ந்த நாய் சில நாள் தாங்கும் நோய், குருளையை ஓரிரு நாளில் வீழ்த்திவிடக்கூடும். அது தன் நோவை வாய்விட்டுச் சொல்லாது. வளர்ப்பவரே குறிகண்டு உணர்தல் வேண்டும்.

ஊசி போட்ட பின்னும் குருளை இறந்தது ஏன் என்னும் ஐயம் ஜொகூரிலும் பிற இடங்களிலும் வளர்ப்போரிடையே எழுவதுண்டு. அதற்கு விடை தாய்ப்பாலில் உள்ளது. பிறந்த குருளை முதல்நாட் சீம்பாலின் வழியே தாயின் எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. அவ்வாற்றல் நாளடைவில் குறைந்து, பொதுவாக 6ஆம் வாரத்திற்கும் 16ஆம் வாரத்திற்கும் இடையில் மறைகிறது. அது மிகுந்திருக்கும் பொழுது, போடப்படும் தடுப்பூசியை அதுவே பயனற்றதாக்கிவிடும். குறைந்து வரும் பொழுதோ, நோயைத் தடுக்கப் போதாமலும் ஊசியைத் தடுக்கப் போதுமானதாகவும் ஓர் இடைநிலை தோன்றும். குருளை பெரும் இடருக்கு உள்ளாவது அப்பொழுதுதான். அவ்விடைநிலை வரும் நாள் குருளைக்குக் குருளை வேறுபடும். ஆதலின், 6 முதல் 8 வார அகவையில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும் வரை ஊசி போடுதல் மருத்துவர் வழக்கமாயிற்று. ஓர் ஊசியோடு நிறுத்தினால், காவல் அரைகுறையாகவே நின்றுவிடும்.

அவ்விடைநிலையில் தாக்கும் நோய்களுள் கொடியது பார்வோ. 1978இல் முதன்முதலாக அறியப்பட்ட இந்நுண்கிருமி, ஈராண்டுக்குள் உலகெங்கும் பரவிற்று. இது குடலின் உட்சவ்வை அழிப்பதோடு, எலும்பு மச்சையையும் தாக்கி, வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகிறது. முதலிற் காணும் குறிகள் சோர்வும் உணவு மறுப்புமே. அடுத்து வாந்தியும், கடுநாற்றமுடைய குருதிக் கழிச்சலும் உண்டாகும். ‘நாளைக்குத் தின்றுவிடும்’ என்று காத்திருக்கும் அந்த ஒருநாளில் உடலின் நீர் வற்றிவிடுகிறது. மருத்துவமின்றி விடப்பட்ட குருளைகளுள் பெரும்பாலானவை இறந்துபடும். காலத்தில் நரம்புவழி உப்புநீர் ஏற்றப்பெற்றவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கும். நோயுற்ற குருளை இருந்த மண்ணில் இக்கிருமி பல மாதம் உயிர்த்திருக்கும். வெறும் சோப்பு நீர் இதனைக் கொல்லாது. தரையை நன்கு கழுவியபின், 1 பங்கு வெளுப்பு நீரை 30 பங்கு நீரிற் கலந்து ஊற்றுதல் வேண்டும்.

மற்றொரு பகை உண்ணி. குளிர்காலம் உள்ள நாடுகளில் உண்ணியின் பெருக்கம் சில மாதம் தணியும். ஜொகூரிலோ ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருத்தலின், அதற்கு ஓய்வில்லை. பழுப்பு நாயுண்ணி சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அது பரப்பும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் காய்ச்சலையும் குருதிக் கசிவையும் விளைக்கும். உண்ணிகளாற் பரவும் பிறிதொரு நோய் பபேசியா. செங்குருதி அணுக்களைச் சிதைப்பது. மலேசிய நாய்களிடத்தும் காணப்படும் இதன் ஒருவகைக்கும் தமிழகத்திற்கும் தொடர்புண்டு. பேட்டன் என்னும் ஆய்வாளர் 1910இல் அவ்வகையை முதன்முதலாக விவரித்தது, சென்னை வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியிற் கண்டேயாம்.

செங்குருதி அணுக்கள் குறைந்ததை வீட்டிலேயே அறிய ஒரு வழி, ஈறு நோக்கல். நலமான குருளையின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும்; கருநிற ஈறு இயல்பாகவுடைய நாய்க்குக் கண்ணிமையின் உட்புறத்தை நோக்கலாம். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவத்தல் வேண்டும். ஈறு வெளுத்திருப்பினும், சிறுநீர் கருஞ்சிவப்பாயினும் அன்றே மருத்துவரிடம் செல்லுதல் தகும். ஈறு வெளுத்தற்குக் குருதி உறிஞ்சும் கொக்கிப்புழுவும் காரணமாகலாம். அப்புழு தாய்ப்பாலின் வழியும் குருளையை அடையும். ஆகவே பூச்சிமருந்தை 2 வார அகவையிலேயே தொடங்கச் சொல்வர். மண்ணிலுள்ள அதன் இளம்புழு வெறுங்காலுடன் விளையாடும் சிறுவர் தோலிலும் புகுமாதலின், குருளையின் நலம் வீட்டார் நலத்தோடு பிணைந்தது.

செய்யத்தகாதனவும் சில உள. வாந்தியெடுக்கும் குருளையின் வாயில் நீரையோ கஞ்சியையோ வலிந்து புகட்டினால் அது மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். மனிதர்க்குரிய காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லன. உண்ணியைப் போக்க மண்ணெண்ணெய் பூசினால் தோல் புண்ணாகும். சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுப்பதே முறை.

செய்யத்தக்கது எளிது. உண்ட அளவு, மலத்தின் நிலை, ஈற்றின் நிறம், வாரந்தோறும் எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரல் வேண்டும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 செல்சியசு வரை. மனிதர் வெப்பத்தினும் மிகுதியாதலின், கையால் தொட்டுக் காய்ச்சலென்று முடிவுசெய்தல் பொருந்தாது. நகரிலிருந்து தொலைவான தோட்டப்புறத்தில் வாழ்வோர், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை எது, இரவில் திறந்திருப்பது எது என்பதைக் குருளை வந்த அன்றே கேட்டறிந்து கொள்ளுதல் நன்று. நோய் கண்டபின் அதனைத் தேடுவதிற் கழியும் பொழுது, குருளை இழக்கும் பொழுதாகும்.