ஒரு சால்வைக்கு மூன்று வருஷம்! காஷ்மீரத்து ஊசி செய்யும் அதிசயம்

ஒரு பனியன் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மடத்துக்குளத்தில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். பனியன் கம்பெனிக்கோ நூல் மில்லுக்கோ ஒருவராவது வேலைக்குப் போகாத தெரு அந்த வட்டாரத்தில் குறைவு. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் என்று கைமாறி வந்தால், ஒரு பனியனுக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும்.

சரி, ஒரு சால்வைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்று வருஷம்!

வேடிக்கை அல்ல. காஷ்மீரத்தில் துணி முழுவதும் இடைவெளி இல்லாமல் ஊசியால் பூ வேலை செய்த ஒரு சால்வைக்கு, இரண்டு வருஷமும் ஆகும். மூன்று வருஷமும் ஆகும். ஒருவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். அதனால்தான் அதன் விலை லட்சங்களில் போகிறது.

நம் ஊரில் கல்யாண வீட்டிலும், பள்ளிக்கூட விழாவிலும், கட்சிக் கூட்டத்திலும் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்துகிறோம். அந்தச் சால்வைக்கெல்லாம் பாட்டி காஷ்மீரத்தில் இருக்கிறாள். அவள் கதையைக் கேளுங்கள்.

ஆட்டின் அடிமயிர்

காஷ்மீரத்துக்கு அப்பால் லடாக். அங்கே சாங்தாங் என்ற மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 14,000 அடி உயரம்! குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 30 டிகிரி, 40 டிகிரி என்று குளிர் இறங்கும்.

அங்கே சாங்பா என்ற இடையர் மக்கள் வெள்ளாடு மேய்க்கிறார்கள். அந்தக் குளிரைத் தாங்க ஆட்டுக்கு இயற்கையே ஒரு கம்பளி கொடுக்கிறது. மேலே முரட்டு மயிர். அதற்கு அடியில், பஞ்சைப் போன்ற மெல்லிய மயிர். அந்த அடிமயிருக்குத்தான் 'பஷ்ம்' என்று பெயர். பாரசீக மொழியில் கம்பளி மயிர் என்று பொருள். அதில் செய்த துணி 'பஷ்மினா'. வெள்ளைக்காரர்கள் காஷ்மீர் என்ற ஊரின் பெயரையே அந்தக் கம்பளிக்கு வைத்துவிட்டார்கள்.

இந்த மயிர் எவ்வளவு மெல்லியது? நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்!

கோடை தொடங்கியதும் ஆடு அந்த மயிரைத் தானே உதிர்க்கத் தொடங்கும். அப்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் மிஞ்சுவது கொஞ்சமே. ஒரு சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஒரு வருஷத்து மயிர் வேண்டும்.

ராட்டையில் பெண்கள்

மயிர் காஷ்மீருக்கு வந்து சேர்கிறது. இனி பெண்கள் வேலை.

மயிரை அரிசி மாவில் புரட்டி வைப்பார்கள். அழுக்கும் பிசுக்கும் மாவோடு போய்விடும். பிறகு ராட்டையில் நூற்பார்கள். சமையல், குழந்தை, வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் நூற்பு நடக்கும். சிலந்தி இழை போல நூல் வரும்.

நூலைப் பத்துப் பத்து இழையாக எண்ணி முடிச்சுப் போடுவார்கள். ஒரு முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி. நம் பக்கத்தில் 'பீஸ் ரேட்' என்கிறோமே, அதே கணக்குதான். பல வருஷ காலம் அந்தக் கூலி ஒரு முடிச்சுக்கு ஒரே ஒரு ரூபாய்! லட்ச ரூபாய்ச் சால்வை அந்த ஒரு ரூபாயில்தான் தொடங்கியது.

நூல் தறிக்குப் போகும். பாவுக்கு அங்கேயும் கஞ்சி போடுகிறார்கள். சோறு வடித்த நாடல்லவா! கைத்தறியில் மெதுவாக நெய்வார்கள். வேகமாக அடித்தால் இழை அறுந்துவிடும்.

ஊசி பிடிக்கும் ஆண்கள்

நெய்த துணிமேல் பூ வேலை. இதற்குச் 'சோஸ்னி' என்று பெயர். பாரசீகத்தில் 'சோசன்' என்றால் ஊசி.

நம் பக்கத்தில் பூத்தையல் என்றால் பெண்கள் வேலை என்று நினைப்போம். காஷ்மீரில் பெரும்பாலும் ஆண்கள்தான் இந்த ஊசியைப் பிடிக்கிறார்கள். தகப்பனிடம் மகன் கற்றுக்கொள்வான். இப்போது பெண்களும் நிறையப் பேர் செய்கிறார்கள்.

முதலில் ஓவியர் ஒருவர் பூவும் கொடியும் வரைந்து தருவார். அதை மரக்கட்டையில் செதுக்கி, துவைத்தால் போகும் மையில் துணிமேல் அச்சடிப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் ஊசி ஓடும். அங்குள்ள சினார் மரத்தின் இலை, வாதாம் பூ, மாங்காய் வடிவம் எல்லாம் உயிர் பெறும்.

ஊசி துணியின் இழையைத் துளிதான் தூக்கும். உயர்ந்த வேலையில் துணியின் இரண்டு பக்கமும் ஒரே அழகாக இருக்கும். எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது!

காலை முதல் மாலை வரை தலை குனிந்தபடியே வேலை. குளிர்காலத்தில் நீண்ட அங்கிக்குள் 'காங்ரி' என்ற நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு தைப்பார்கள். கழுத்து வலிக்கும். முதுகு வளையும். வயது ஏறும் முன்பே கண் மங்கிப்போனவர்கள் உண்டு.

வரிக்குத் தப்ப வந்த ஊசி

பழங்காலத்தில் சால்வையில் பூவைத் தைப்பதில்லை, தறியிலேயே நெய்வார்கள். நூல் சுற்றிய சிறு சிறு மரக்குச்சிகளைப் பாவுக்குள் கோத்து நெய்வது 'கானி' சால்வை. ஒரு சால்வைக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அக்பர் சக்ரவர்த்தி இரண்டு சால்வைகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொள்வாராம்.

பிறகு காஷ்மீர் ஆப்கானியர் கைக்குப் போனது. சால்வைக்கு முத்திரை வரி போட்டார்கள். முத்திரை இல்லாத சால்வையை விற்க முடியாது.

இங்கேதான் ஊசி வந்தது. 1803-ல் துருக்கித் தலைநகர் வியாபாரத்துக்காகக் காஷ்மீருக்கு வந்தார் குவாஜா யூசுப் என்ற அர்மீனியர். தறிப் பூவைப் போலவே ஊசியால் பூப் போட்டால் என்ன என்று யோசித்தார். கிழிந்த துணியை இழை இழையாகத் தைத்துச் சரிசெய்பவர் ஒருவரைப் பிடித்துச் செய்து பார்த்தார். மூன்றில் ஒரு பங்குச் செலவில் வேலை முடிந்தது! தறிச் சால்வைக்குத்தான் வரி. ஊசிச் சால்வைக்கு அப்போது வரி இல்லை. 1820-களில் காஷ்மீர் சென்ற மூர்கிராப்ட் என்ற ஆங்கில மிருக வைத்தியர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் ஊசி பிடித்தார்கள். பிறகு அதற்கும் வரி வந்தது என்பது வேறு கதை!

பாரிசுக்குப் போன மாங்காய்

பிரெஞ்சுச் சக்ரவர்த்தி நெப்போலியனின் மனைவி ஜோசபின் சால்வைப் பைத்தியம். பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். சால்வையையே கவுனாகத் தைத்து அணிந்தார். பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் எல்லோரும் அதையே கேட்டார்கள்.

உடனே போலியும் வந்தது! ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் காஷ்மீரப் பூவை அப்படியே பார்த்து, மலிவாக நெய்து விற்றார்கள். நம் பட்டுப் புடவைக் கரையில் மாங்காய் இருக்கிறதே, அதே வடிவத்துக்கு உலகம் முழுவதும் இன்று 'பெய்ஸ்லி' என்றுதான் பெயர். பூ நம்முடையது; பெயர் அவர்களுடையது!

1846-ல் ஆங்கிலேயர் குலாப் சிங்கிடம் காஷ்மீரைக் கொடுத்தார்கள். 75 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அத்தோடு விடவில்லை. வருஷந்தோறும் கப்பமாக ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள், 3 ஜோடி காஷ்மீர்ச் சால்வைகள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். சால்வையின் மதிப்பு அப்படி!

28 உயிர்கள்

சால்வைக்கு மதிப்பு இருந்தது. நெய்தவனுக்கு?

வரிமேல் வரி. கையில் வந்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை. ஊரை விட்டு ஓடவும் அனுமதி இல்லை.

1865 ஏப்ரல் 29. ஸ்ரீநகரில் சால்தகர் என்ற இடத்தில் நெசவாளர்கள் திரண்டார்கள். வரியைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம் போனார்கள். ராணுவம் வந்தது. கூட்டம் நெருக்கித் தள்ளப்பட்டது. தண்ணீரில் விழுந்து மாண்டவர்களில் 28 பேரின் உடல்கள் எடுக்கப்பட்டன என்று சொல்கிறார்கள்.

மே தினத்துக்குக் காரணமான சிகாகோ போராட்டம் நடந்தது 1886-ல். அதற்கு 21 வருஷம் முன்பே நம் நாட்டு நெசவாளர்கள் கூலிக்காக உயிர் விட்டிருக்கிறார்கள்!

அடுத்து 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம். பாரிஸ் வியாபாரம் படுத்தது. 1877 முதல் பெரும் பஞ்சம். தறிகள் நின்றன. பல நெசவாளர்கள் அமிர்தசரஸ், லூதியானா என்று பிழைக்கப் போனார்கள். தறிக் கலை நலிந்தது. ஊசிக் கலைதான் தாக்குப்பிடித்தது.

எது அசல்? எது போலி?

இன்று ஊசிக்கு வந்திருக்கும் எதிரி இயந்திரம்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அதில்தான் திருப்பூருக்கே சோறு. பனியனைப் பனியன் என்று சொல்லி விற்கிறோம். ஆனால் இயந்திரத்தில் செய்ததைக் கைவேலை என்று சொல்லி விற்பது மோசடி. அப்போது, மூன்று வருஷம் தைத்தவர் மூன்று மணி நேர இயந்திரத்தோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. எப்படி முடியும்? அவர் பிள்ளைகள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை தேடுகிறார்கள்.

பஷ்மினா மயிர் மட்டும் இயந்திரத்தில் நூற்றால் அறுந்துவிடும். அதனால் நைலான் கலந்து நூற்கிறார்கள். நெய்த பிறகு அமிலத்தில் முக்கி நைலானைக் கரைத்துவிடுகிறார்கள். பார்க்க அசல் போலவே இருக்கும். ஆனால் துணியின் ஆயுள் குறைந்துபோகும்.

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனால், 'பஷ்மினா' என்று சில நூறு ரூபாய்க்குச் சால்வை கொடுப்பார்கள். குளிருக்குப் போர்த்தலாம்; குற்றமில்லை. ஆனால் அந்த விலைக்குப் பஷ்மினா வராது!

மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். மெல்லிய செயற்கைத் துணியும் மோதிரத்தில் நுழையும்.

ஓரத்து இழை ஒன்றை எரித்துப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் நைலான் வகை. ஆனால் கம்பளியில் எது பஷ்மினா என்பதை நெருப்பு சொல்லாது.

பூ வேலையைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரத் தையல் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். அடியில் வேறு நூல் ஓடும். கைத்தையலில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது குறை அல்ல, கையின் சாட்சி!

காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போன்ற சட்டப் பாதுகாப்பு இது. மயிர் 16 மைக்ரானுக்கு மேல் பருமனாக இருக்கக் கூடாது. கையால் நூற்க வேண்டும். கைத்தறியில் நெய்ய வேண்டும். ஸ்ரீநகரில் சோதனைக்கூடம் இருக்கிறது. தேறிய சால்வையில் தனி எண் கொண்ட அடையாளச் சீட்டு ஒட்டுகிறார்கள். பெரிய விலை கொடுப்பவர்கள் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

நீலகிரியிலும் ஒரு சால்வை

காஷ்மீர் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்தில் நீலகிரி இருக்கிறதே!

அங்கே தோடர் இனப் பெண்கள் பருத்திப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் பூப் போடுகிறார்கள். அச்சு இல்லை, வரைபடம் இல்லை. இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். அதற்கும் 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து இயந்திரத்தில் செய்து விற்பவர்களும் வந்துவிட்டார்கள். காஷ்மீரத்துக் கதைதான் இங்கேயும்!

லட்ச ரூபாய்ச் சால்வையை எல்லோராலும் வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம். ஆனால் சின்னக் கைவேலைப் பொருள் ஒன்றை வாங்கும்போதும், 'இது கையால் செய்ததா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கிறவர்கள் அதிகமானால் ஏமாற்றுகிறவர்கள் குறைவார்கள்.

பேரம் பேசும் முன் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். விலையை நாளால் வகுத்தால் தைத்தவருக்கு நாள் கூலி என்ன கிடைத்திருக்கும்? பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் மடத்துக்குளத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!