பிரிட்டனில் முதல் குளிர்காலமா? ஹீட்டரை இப்போதே பாருங்க

ஏர்கான் சர்வீஸ் நமக்குப் பழகிய விஷயம். ஆனால் படிப்பு, வேலை என்று பிரிட்டன் போய் வாடகை வீட்டில் தங்குவோருக்கு ஹீட்டர் புதுசு. குளிர் தொடங்கிய பிறகு அது பழுதானால் திண்டாட்டம்தான். செப்டம்பர், அக்டோபரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லர்தான். அது தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்குக் குழாய் வழியாக அனுப்பும்.

ரேடியேட்டர் கீழே சூடு, மேலே சில்லுனு இருக்கா?

உள்ளே காற்று சிக்கியிருக்கலாம்.

• ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள்.
• அடியில் துணி பிடித்து, மேல் ஓரத்திலுள்ள சின்ன வால்வை அதற்குரிய சாவியால் மெதுவாகத் திருப்புங்கள்.
• 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள்.
• பாய்லரின் அழுத்தத்தைப் பாருங்கள். ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

எதைத் தொடக்கூடாது?

பாய்லரை நீங்களே திறக்காதீங்க. அது 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரின் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதிக்க ஏற்பாடு செய்வது உரிமையாளரின் சட்டக் கடமை. சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வெளியாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆனால் உயிரைப் பறிக்கும். இங்கிலாந்தில் பாய்லர் உள்ள வாடகை வீட்டு அறைகளில் அதற்கான அலாரம் 2022 அக்டோபர் முதல் கட்டாயம். பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

வீட்டில் தலைவலி, மயக்கம். வெளியே போனால் சரியாகுதா? பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, உடனே வெளியேறுங்கள். அவசர எண்: 0800 111 999. மருத்துவரையும் பாருங்கள்.