கோழிகளின் குடற்புழுக்களும் அவற்றை நீக்கும் முறையும்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவரில் சிலர், வீட்டின் புறக்கடையில் நாலைந்து கோழிகளை வளர்த்து வருகின்றனர். குழந்தைகளுக்குப் புதிய முட்டை கிடைக்கிறது. சமையலறையில் மிஞ்சும் தானியமும் கீரையும் வீணாவதில்லை. சிறகுதிர்க்கும் பருவத்திலும் முதுமையிலும் முட்டை குறைவது இயல்பே. ஆனால், இளங்கோழி நன்றாகத் தீவனம் தின்றும் உடல் மெலிந்து, கொண்டை வெளிறி, கழிச்சலும் கண்டு, முட்டையிடுவதைக் குறைக்குமாயின், குடற்புழுக்கள் உண்டோ என ஆராய்தல் வேண்டும்.

இப்புழுக்களில் மூவகை முக்கியமானவை. சிறுகுடலில் வாழும் உருண்டைப்புழு வெண்ணிறமானது. 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். மிகுந்துவிட்டால் குடலையே அடைத்துவிடும். குருட்டுக்குடலில் வாழும் சிறுபுழு கோழிக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை. எனினும், வான்கோழிகளை மாய்க்கும் ஒரு நோயின் கிருமியை அது சுமந்து செல்கிறது. மூன்றாவதான நாடாப்புழு, எறும்பு, வண்டு முதலியவற்றைக் கோழி தின்பதால் வந்து சேர்கிறது.

உருண்டைப்புழுவின் முட்டைகள் கோழியின் எச்சத்தோடு வெளிப்பட்டு மண்ணில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. அம்மண்ணைக் கொத்தும் கோழியின் குடலில் அவை ஐந்து முதல் எட்டு வாரங்களில் முழுப் புழுக்களாகி, மீண்டும் முட்டையிடத் தொடங்குகின்றன. ஆகவே மழைக்காலமே இவற்றுக்கு உகந்த காலம். தமிழ்நாட்டில் நாம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கருதிப் பழகியவர்கள். தில்லி, நாகபுரி, கல்கத்தா போன்ற இடங்களிலோ ஆனி முதல் புரட்டாசி வரையே பெருமழை பெய்கிறது. அங்கு வாழ்வோர் அதற்கேற்ப முன்னதாகவே விழிப்புடன் இருத்தல் வேண்டும். வடநாட்டுக் குளிரும் இம்முட்டைகளை எளிதில் அழிப்பதில்லை. வெப்பம் திரும்பியதும் அவை மீண்டும் வளர்கின்றன.

மருந்து கொடுக்குமுன் புழு இன்னதென்று அறிதல் நலம். பல கோழிகளின் புதிய எச்சத்தைச் சிறிதளவு ஒரு மூடியுள்ள டப்பியில் எடுத்து, அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், உருப்பெருக்கிக் கருவியால் சோதிக்கலாம். ஹிந்தி வழங்கும் மாநிலங்களில் அதன் பலகையில் 'பசு சிகித்ஸாலயா' என்று காணப்படும். அங்கே 'பசு' என்னும் சொல் விலங்குகள் அனைத்தையும் குறிப்பதாதலால், கோழிக்காகச் செல்லவும் தயங்க வேண்டுவதில்லை.

பைப்பரசின் என்னும் மருந்து உருண்டைப்புழுவைச் செயலற்றதாக்கி எச்சத்தோடு வெளியேற்றுகிறது. முதிர்ந்த புழுக்களையே அது நன்கு தாக்குவதால், சில வாரங்கள் கழித்து மறுமுறை கொடுக்க நேரிடும். பென்பெண்டசோல் என்பது உருண்டைப்புழு, குருட்டுக்குடற்புழு இரண்டையும் அழிப்பது. இதனைச் சில நாட்கள் தொடர்ந்து கொடுப்பர். நாடாப்புழுவுக்குப் பைப்பரசின் பயன்படாது; வேறு மருந்து வேண்டும். கோழியின் எடையை அனுசரித்து அளவை மருத்துவரே குறிப்பிடுவார். நீரில் கலந்து கொடுப்பதானால், காலையில் வேறு நீர்ப்பாத்திரங்களை அகற்றிவிட்டு, விரைவில் குடித்து முடிக்கும் அளவே வைத்தல் வேண்டும். கோடையில் கோழிகளை நெடுநேரம் தாகத்தால் வாட விடலாகாது.

உருண்டைப்புழு மனிதரைப் பற்றுவதில்லை. ஆனால் மருந்தின் எச்சம் முட்டையில் தங்கக்கூடும். மருந்துக்குப் பின் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடும். அதனைச் சீட்டில் பார்த்தோ மருத்துவரைக் கேட்டோ அறிந்து, அந்நாட்களில் முட்டையை நாமும் உண்ணாமல், அண்டை வீட்டாருக்கும் கொடுக்காமல் இருத்தல் கடமையாகும்.

மருந்து கோழியின் வயிற்றைத் தூய்மையாக்கும், மண்ணைத் தூய்மையாக்காது. ஆகையால் மருந்து கொடுத்த ஓரிரு நாட்கள் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து, எச்சத்தை வாரி எரிக்க வேண்டும். ஈரக் கூளத்தை மாற்றி, நீர்ப்பாத்திரத்தின் அடியில் சேறு தங்காமல் காக்க வேண்டும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்குப் புழுமுட்டைகள் எளிதில் மடிவதில்லை. வெயிலும் வறட்சியுமே அவற்றின் பகை. தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் இடுவதும், குஞ்சுகளைப் பெரிய கோழிகளிலிருந்து பிரித்து வளர்ப்பதும், கோழிகள் மேயும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும் சிறந்த காப்பு. இவற்றைச் செய்யாமல் மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்து வந்தால், நாளடைவில் புழுக்கள் அம்மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமை பெறும், பணமும் விரயமாகும். தரையைப் பேணுவோருக்கே கோழி நற்பலன் தரும்.