பார்மட் செய்யும் முன் பரிசோதியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே வேகம் குறைந்துவிட்டதா? "பார்மட் செய்துவிடலாம் சார்" என்பார் சர்வீஸ் செய்ய வருபவர். கொஞ்சம் பொறுங்கள். பேக்கப் எடுக்காமல் பார்மட் செய்தால் நீங்கள் சேமித்த போட்டோக்கள் போய்விடும். கோளாறோ ஒரே ஒரு புரோகிராமில் இருக்கலாம்.

"சோதித்துப் பார்க்காமலா சாப்ட்வேரை விற்கிறார்கள்?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. சாப்ட்வேர் டெஸ்டிங்தான் என் வேலை. புரோகிராமின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகவும், பின் எல்லாவற்றையும் சேர்த்தும் சோதிக்கிறோம். ஆனால் நாங்கள் நினைத்துப் பார்த்ததை மட்டுமே சோதிக்க முடியும்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததைப் பாருங்கள். நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேருக்கு ஒரு சிறிய அப்டேட் பைல் வந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். காரணம் என்ன? புதிய பைல் 21 தகவல்களை எதிர்பார்த்தது. புரோகிராம் தந்ததோ 20 மட்டுமே. முந்தைய சோதனைகளில் அந்த 21வது தகவல் 'எதுவாக இருந்தாலும் சரி' என விடப்பட்டிருந்ததால் தவறு வெளியே தெரியவில்லை.

எனவேதான் டெஸ்டிங் முடிந்த பிறகும் கண்காணிப்பு தேவைப்படுகிறது. உங்கள் கம்ப்யூட்டரைக் கண்காணிக்கும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் திறக்கும். பிராசசஸ் பகுதியில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளைக் காணலாம். ஒரு தலைப்பில் கிளிக் செய்தால் அதை அதிகம் பயன்படுத்தும் புரோகிராம் மேலே வரும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம். அப்டேட் அல்லது வைரஸ் சோதனை நடந்துகொண்டிருக்கலாம். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆனால் நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் ஒரு புரோகிராமின் மெமரி அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்படலாம். வாங்கிய மெமரியை அது திருப்பித் தராமல் இருக்கக்கூடும். இதை மெமரி லீக் என்போம். அதை மூடித் திறந்தால் வேகம் திரும்புகிறதா எனப் பாருங்கள். திரும்பினால் புதிய ராம் வாங்கும் முன் அந்த புரோகிராமை அப்டேட் செய்யுங்கள்.

எண்ட் டாஸ்க் கொடுக்கும்போது கவனம் தேவை. சேமிக்காத பைல் போய்விடும். பெயர் தெரியாதவற்றில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி எனத் தேடித் திறக்கவும். எந்த நாளில் எந்த புரோகிராம் நின்றுபோனது என்பது சிவப்புக் குறியுடன் இருக்கும். அதற்கு முன் எதை இன்ஸ்டால் செய்தீர்கள் என்பதும் அங்கேயே தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் பல சமயம் காரணம் பிடிபட்டுவிடும்.

பிடிபடாவிட்டாலும் நஷ்டமில்லை. தேதி, நேரம், புரோகிராமின் பெயர் மூன்றையும் குறித்து சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்பதைவிட அந்தச் சிறு குறிப்பு அவருக்கு அதிகம் உதவும்.