தொழிலாளர் கவசம்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்னும் பழமொழியை நம் நாட்டில் அறியாதார் இலர். பேராபத்து ஒன்று சிறு நஷ்டத்தோடு நீங்கியவிடத்து அதனைச் சொல்லி ஆறுதல் கொள்கின்றோம். ஆயினும் அதனுள் ஒரு தொழில் நுட்பம் அடங்கியிருத்தலை நாம் கருதுவதில்லை. தலைப்பாகை இருந்தமையாலன்றோ தலை தப்பியது? உடலுக்கும் ஆபத்துக்கும் இடையே ஒரு பொருளை வைத்து, அப்பொருள் கெடினும் உடல் கெடாதவாறு செய்தலே, தொழிலாளர் அணியும் காப்புக் கருவிகள் அனைத்திற்கும் அடிப்படையாகும். கர்ணனைப் போலக் கவசத்தோடு பிறந்தவர் நம்முள் ஒருவரும் இலர். ஆதலின், இக்கவசங்கள் எவ்வாறு காக்கின்றன, எவ்விடத்துக் காவா என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலார் விஷயமன்று. கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. மேற்கே நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் உள. பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலும், சிதம்பரத்தைச் சூழ்ந்த வயல்களில் நெற்பயிர்த் தொழிலும் பல்லாயிரவர்க்குப் பிழைப்பளிக்கின்றன. இவற்றுள் ஆபத்தில்லாத தொழில் ஒன்றுமில்லை. 2020 ஜூலை 1ஆந் தேதி நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றே அறுவர் மாண்டனர். தீப்புண்பட்டோர் பலர் பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தனர். 2021 மே 13ஆந் தேதி சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் இறந்தனர்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் முதற்கண் அறியத்தக்கது யாதெனில், கவசம் கடைசி மதிலேயன்றி முதல் மதிலன்று என்பதாம். கொதிகலன் வெடிக்குங்கால் தலைக்கவசம் யாது செய்யும்? ஆகவே அறிஞர் பாதுகாப்பை ஐந்து படிகளாக வகுத்துள்ளனர். ஆபத்தான பொருளை அறவே நீக்குதல் முதற்படி. அது கூடாதாயின் அதனினும் தீங்கு குறைந்த பொருளைக் கொள்ளுதல் இரண்டாவது. இயந்திரத்துக்கு வேலியிடுதல், புகையை உறிஞ்சி வெளியேற்றுதல் முதலியன மூன்றாவது. வேலை முறையை ஒழுங்குபடுத்தலும் பயிற்சியளித்தலும் நான்காவது. இவை நான்கும் செய்தபின் எஞ்சி நிற்கும் ஆபத்துக்கே கவசம். முன்னைய படிகளை விட்டுவிட்டு, ஒரு முகமூடியைக் கையிற் கொடுத்துக் கடமை முடிந்தது என்று கருதும் முதலாளி, ஆலையின் ஆபத்தைத் தொழிலாளியின் தோள்மேல் ஏற்றிவிட்டவனே ஆவான்.

இரண்டாவதாக அறியவேண்டியது, ஒவ்வொரு கவசமும் தனக்குரிய ஆபத்தை மட்டுமே தடுக்கும் என்பது. மூக்கிற் கட்டிய துணி பருந்தூசியை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்கமாட்டாது. கரி நிரப்பிய வடிகட்டியுடைய முகமூடி சில ஆவிகளை ஈர்த்துக் கொள்ளும். ஆயினும் பிராணவாயுவை உண்டாக்காது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு உளது. அது 19.5 பங்குக்குக் கீழே குறைந்த இடத்தில், வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொணரும் சுவாசக் கருவியன்றி வடிகட்டி பயன்படாது. முகமூடி முகத்தோடு பொருந்தி அமையாவிடின், அல்லது அணிந்தவன் அடர்ந்த தாடி உடையவனாயின், இடுக்கின் வழியே நஞ்சு உட்புகும்.

கையுறையும் அத்தகையதே. திராவகத்தைக் கையாள்வோன் அதனை அணியாதிருத்தல் பேதைமை. ஆனால் சுழலும் துளையிடு கருவியில் வேலை செய்வோன் கையுறை அணிதல் அதனினும் பேதைமை. இயந்திரம் கையுறையைப் பற்றிக் கையையும் உள்ளிழுத்துவிடும். அரிசி ஆலையின் சுழலும் வார்ப்பட்டையருகே தொங்கும் துண்டும் சேலைத் தலைப்பும் உயிரை வாங்கவல்லன. அங்கு உடம்போடு ஒட்டிய உடையே கவசம். எனவே, எதை அணிவது என்று வினவுமுன் எந்த ஆபத்து என்று வினவுதல் வேண்டும்.

இவ்வுண்மையை மறந்தமையால் நேரும் கொடுமை கழிவுநீர்க் குழிகளிற் புலனாகின்றது. அழுகிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு, சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்களவு அது சேருங்கால் மோப்ப நரம்பு மரத்துப்போகின்றது, நாற்றம் மறைகின்றது, ஆபத்து நீங்கியதென்று மனம் மயங்குகின்றது. முதலில் இறங்கியவன் விழ, அவனைத் தூக்கச் சென்ற இரண்டாமவனும் விழ, அவர்பின் மூன்றாமவனும் விழுந்த செய்திகளை நாம் பலகால் படித்திருக்கின்றோம். அன்பு மட்டும் கவசமாகாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டா. இத்தகைய இடங்களைக் குறித்து 1948ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் 36ஆவது பிரிவிற் கூறிய விதி நினைவுகூரத்தக்கது. உள்ளிருக்கும் காற்றைத் தக்கவர் சோதித்து எழுத்து மூலம் சான்றளித்திருத்தல் வேண்டும். இன்றேல், இறங்குவோன் சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த இடுப்புவாரும் அணிந்திருக்க, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவன் பிடித்திருத்தல் வேண்டும். கவசம் அணிவோன் ஒருவனாயினும், அதனைப் பயன்படச் செய்வோர் இருவர் என்பதன்றோ இவ்விதியின் உட்பொருள்? கழிவுநீர்த் தொட்டியிற் காப்பின்றி மனிதரை இறக்குதலை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்க 2014இல் கட்டளையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாத குழியிற் சட்டம் தானே இறங்கிக் காக்குமோ?

இனிச் சிதம்பரத்து வயல்களை நோக்குவோம். பூச்சிமருந்து பெரும்பாலும் மூக்கின் வழியே உடம்பிற் சேர்வதென்று பலர் எண்ணுகின்றனர். தெளிப்போனுக்கு அது பெரும்பாலும் தோலின் வழியே சேர்கின்றது. நனைந்த சட்டை, வெறுங்கை, வெறுங்கால், முதுகிற் கசியும் தெளிப்பான் ஆகியவையே வாயில்கள். 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் பிரதேசத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தோருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, நீண்ட பூட்ஸ், கண்ணாடி ஆகியவற்றோடு, காற்றுக்கு எதிரே நில்லாமையும், தெளித்தபின் குளித்து உடையைத் தனியே துவைத்தலும் கவசத்தின் பகுதிகளே.

இவ்வளவு நன்மை இருந்தும் தொழிலாளர் ஏன் அணிவதில்லை என்று வினவுவார் உளர். அறியாமை என்று விடை கூறிவிடுதல் எளிது, அது நேர்மையன்று. பண்ணுருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்கள், கொட்டையின் எண்ணெய் தோலை வெந்து போகச் செய்யும் என்று எந்நூலையும் படியாமலே அறிவர். அதனாலேயே கையிற் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. செங்கல் சுமப்போர் சும்மாடு வைப்பதும் அவ்வறிவே. தடித்த கையுறை அணிந்தால் பருப்பு நழுவும், வேலை குறையும், எடைக்குக் கூலி பெறுவோர்க்கு அன்றைய வருமானமும் குறையும். சித்திரை வெயிலிற் கடலூரில் ரப்பர் உடை அணிந்து ஒரு நாழிகை நின்று பார்த்தவரே அதன் வேதனையை அறிவர். ஆடவர் அளவுக்குத் தைத்த உடையும் பூட்ஸும் பெண்களுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே, அணிக என்று கட்டளையிடுதற்கு முன், அணியத்தக்கதாகக் கொடுத்தலும், இடையிடையே நிழலும் நீரும் ஓய்வும் அளித்தலும், கூலி குறையாது பார்த்தலும் முதலாளியின் கடன். இக்காப்புக்காகத் தொழிலாளியிடம் காசு கொள்ளலாகாது என்பது பழைய ஆலைச் சட்டத்தின் விதி. 13 சட்டங்களைச் சேர்த்துப் பாராளுமன்றம் 2020இல் இயற்றிய தொகுப்பின் விதியும் அதுவே.

கொடுக்கப்பட்டதை அணிவதும் பேணுவதும் தொழிலாளியின் கடன். அமெரிக்காவில் 1933இல் தொடங்கி 1937இல் முடிந்த கோல்டன் கேட் பாலத்தின் வேலையில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பாலத்தின் கீழே வலையும் விரிக்கப்பட்டது. தவறி விழுந்தோருள் பத்தொன்பதின்மரை அவ்வலை காத்தது. ஆயினும் 1937 பிப்ரவரியில் சாரம் ஒன்று அறுந்து வீழ்ந்து வலையையும் கிழித்தது, பதின்மர் இறந்தனர். வலை நல்லதே, ஆனால் சாரத்தின் பிணிப்பைச் சோதித்தல் அதனினும் முந்தியது.

நம் மாணவருட் பலர் நாளை ரசாயன ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் மேற்பார்வையாளராவர். பழைய மாணவருட் பலர் இன்றே அப்பதவிகளில் உளர். பரிசோதனைச் சாலையிற் கண்ணாடியணியாது திராவகத்தை ஊற்றும் பழக்கம், பின்னாளில் பிறரைக் கவசமின்றி வேலைக்கு ஏவும் பழக்கமாக முதிரும். தன் கண்ணின் அருமையை உணராதவன் பிறன் கண்ணைக் காப்பது அரிது. ஆகவே நம்முள் ஆணையிடும் இடத்தில் இருப்போர், ஒருவனைக் குழிக்குள்ளோ உயரத்திலோ வேலைக்கு அனுப்புமுன் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டல் நன்று: இவ்வாபத்தை அறவே நீக்க வழியுண்டா? எஞ்சிய ஆபத்துக்கு ஏற்ற கவசம் இவனுக்குப் பொருந்துகின்றதா? கயிற்றின் மறுமுனையை யார் பிடித்திருக்கின்றார்? மூன்றாவது வினாவுக்கு விடையாகத் தம் பெயரையே கூறவல்லார் பெருகும் அளவுக்கே, காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமே வீடு திரும்புவர்.