முதுமையா? நோயா?

எமது ஒழுங்கை முனையில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். ஒரு காலத்தில் அடர்ந்த செம்பட்டை முடியோடு ஓடித்திரிந்த நாய் அது. பிறகு அதன் இடுப்பின் இரு பக்கங்களிலும் முடி உதிர்ந்து, கறுத்த தோல் தெரிந்தது. வாலும் எலிவால் போலானது. “சொறி நாய், கிட்டப் போகாதே” என்பார் உம்மா. “வயசு போனா அப்படித்தான்” என்பார் வாப்பா. சிறுவர்களோ கல்லெடுப்பார்கள். உயர்தர வகுப்பில் ஓமோன்களைப் பற்றிப் படித்தபோதுதான், இரண்டு காரணங்களுமே பிழையாக இருக்கலாமோ என எனக்குத் தோன்றியது.

பெரிய இன நாய்கள் ஏறத்தாழ ஏழு வயதிலும், சிறிய இனங்கள் பத்து வயதளவிலும் முதுமையடைகின்றன. அப்போது முகத்து முடி நரைக்கும். மயிர்ப்புடைப்பிலுள்ள நிறக்கலங்கள் மெலனின் உண்டாக்குவது குறைவதே இதற்குக் காரணம். மனிதருக்கு நரைப்பதும் இப்படித்தான். தோல் உலரும், முடி சற்று ஐதாகும், தரையில் படுத்துப் படுத்து முழங்கைகளில் காய்ப்பு ஏற்படும். இவை இயல்பானவை.

ஆனால் வெறுந்தோல் தெரியுமளவுக்கு முடி உதிர்ந்தால் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில், நாய் சொறிகிறதா எனக் கவனியுங்கள்.

இடைவிடாது சொறிந்தால் தெள்ளு, உண்ணி அல்லது சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி காரணமாகலாம். இச்சிற்றுண்ணி காதோரத்திலும் முழங்கையிலும் முதலில் தாக்கும். மனிதருக்கும் தொற்றித் தற்காலிக அரிப்பைத் தரும்.

சொறியாமலே இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் ஓமோன் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். தைரொயிட்டுச் சுரப்பி போதியளவு சுரக்காவிடில் நாய் பருக்கும், சோம்பிக் கிடக்கும், வெயிலைத் தேடிப் படுக்கும். மாறாக, அதிரீனற் சுரப்பியிலிருந்து கோட்டிசோல் மிகையாகச் சுரந்தால் நாய் அடிக்கடி நீர் குடிக்கும், சிறுநீர் கழிக்கும். வயிறு தொங்கும், தோல் மெலியும். இவை பிறருக்குத் தொற்றுவதில்லை. மிருக வைத்தியர் இரத்தப் பரிசோதனை மூலம் இவற்றைக் கண்டறிவார்.

சிலர் சொறிக்குப் பழைய என்ஜின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ பூசுகிறார்கள். நாய் தன் உடலை நக்கும்போது அந்நஞ்சு உள்ளே போகும், தோலும் வெந்துபோகும். நாம் பாவிக்கும் ஷாம்பூவும் அதன் தோலுக்கு ஏற்றதல்ல.

முடி உதிர்வது விசர்நோயின் அடையாளம் அல்ல. எனினும் எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எமது ஒழுங்கை நாயை, அதற்குச் சோறு வைக்கும் அயல் வீட்டு ஐயா மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார். தைரொயிட்டுக் குறைபாடு என்றார்கள். தினமும் மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் இடுப்பில் மெல்லிய முடி அரும்பியது. முகத்து நரை மட்டும் அப்படியே இருக்கிறது. அது முதுமை, அதற்கு மருந்தில்லை.

“வயசு போனா அப்படித்தான்” என்று நாம் வீட்டு மூத்தோரைப் பார்த்தும் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை அப்படிச் சொல்லுமுன், ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிட்டுச் சொல்வோம்.